திறப்பு விழாவுக்கு முந்திக்கொண்ட அக்கா

அரசாங்க வேலையில் இத்தனை வருஷம் இருந்து என்னய்யா செய்தீர் என்று யாராவது கேட்டால், ரிப்பன் கட்டினேன் என்பதுதான் உண்மையான பதில். என் நல்ல நேரம், இதுவரை யாரும் கேட்கவில்லை.

எண்பதுகளின் பிற்பாதியில் ராஜபாளையத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். சுற்றுக் கிராமங்களில் அரசாங்கப் பணத்தில் நிழற்குடையோ, குடிநீர்த் தொட்டியோ, சமுதாயக் கூடமோ எழும்பிக்கொண்டே இருக்கும். கட்டுவது ஒப்பந்தக்காரர் பாடு. அளப்பது ஓவர்சியர் பாடு. வெளியூரிலிருந்து வந்து திறந்து வைப்பவர் யாராக இருந்தாலும் எங்கள் பேச்சில் அவர் ‘பெரியவர்’. அவர் வந்து திறப்பதற்கான ஏற்பாடு மொத்தமும் என் பாடு. கத்தரிக்கோல், தாம்பாளம், ரோஸ் நிற ரிப்பன், குண்டூசி, கல்வெட்டை மூடுகிற பச்சைத் திரை எல்லாம் ஒரு ரெக்சின் பையில் எப்போதும் தயாராக இருக்கும். அலுவலகத்தில் என்னை ‘ரிப்பன் சார்’ என்று கூப்பிட்டார்கள். அது கேலி என்று புரிய எனக்கு வெகு காலம் ஆனது. அதுவரை பெருமையாகத்தான் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரியவரின் தேதி லேசில் கிடைக்காது. கட்டடம் முடிந்து, வெள்ளையடித்து, பூட்டுப் போட்டுவிடுவோம். தேதி கிடைக்கும்வரை சாவி என்னிடம் இருக்கும். ஒரு சமயம் பெரிய கொத்தாகவே சேர்ந்துவிட்டது. நடக்கும்போது அது சத்தம் போடுவது எனக்குப் பிடிக்கும். அப்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் குடியிருந்தது வாடகை வீடு.

இந்தச் சமயத்தில்தான் அந்த அக்காவைப் பார்த்தேன்.

தேவதானத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே புதிதாக ஒரு நிழற்குடை. மறுநாள் திறப்பு விழா. ரிப்பன் கட்டுவதற்கு எங்கே ஆணி இருக்கிறது என்று பார்க்கப் போனேன். உள்ளே நாற்பத்தைந்து வயதிருக்கும் ஓர் அம்மா, பக்கத்தில் கத்தரிக்காய்க் கூடையோடு, காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். சுவரில் சாய்ந்து சாய்ந்து அந்த இடத்தில் மட்டும் சுண்ணாம்பு உதிர்ந்து மினுமினுவென்று ஆகியிருந்தது. பல நாள் பழக்கம் என்று தெரிந்தது.

“அக்கா, இது இன்னும் திறக்கலை. எந்திரிங்க,” என்றேன்.

அவர் நிழற்குடையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். “தொறக்கதுக்கு இதுல கதவு எங்க இருக்கு தம்பி?” என்றார்.

அவர் நக்கலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தேடினார். மூன்று பக்கம் சுவரும் ஒரு பக்கம் வெறும் வெளியுமாக இருந்த அந்தக் கட்டடத்தை நானும் அன்றுதான் சரியாகப் பார்த்தேன். பிறகு, விழா, மரபு, பெரியவர், நாடா என்று ஏதோ விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “வெயிலு நேத்தே வந்துருச்சே,” என்று சொல்லி, வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். நான் ஆணியைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

ஊரில் பாதிப் பேருக்கு அவர் மதினி, மீதிப் பேருக்கு அத்தை. எனக்கு அக்கா. சொந்தமாகக் கொஞ்சம் தோட்டம் இருந்தது. புருஷன் இல்லை, பிள்ளைகளும் இல்லை. தம்பி குடும்பத்தோடு இருந்தார். ஒரு பொருள் உபயோகத்துக்குத் தயாராகிவிட்டால் அதைச் சும்மா வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியாது. தீபாவளிச் சேலையைத் தீபாவளிக்கு முந்தின வாரமே கட்டிவிடுவார். ஏன் என்று கேட்டால், “வச்சிருந்து என்ன செய்யப் போறோம்?” என்பார். கல்யாண வீட்டுக்கு முதல் நாளே போய் லட்டு உருண்டையைச் சுடச்சுட ருசி பார்த்துவிட்டு, முகூர்த்தத்தன்று தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டதும் உண்டு. இதெல்லாம் அவருடைய சொந்த விஷயம். அரசாங்கத்தின் பொருளிலும் அவர் இப்படியே இருந்ததுதான் எனக்குத் தலைவலி.

அதே ஊரின் குடிநீர்த் தொட்டித் திறப்பு விழாவை என்னால் மறக்க முடியாது. முதல் நாள் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சோதனை என்பதெல்லாம் அக்காவுக்குத் தெரியாது. தண்ணீர் வந்தது, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். ஊர்ப் பெண்கள் அத்தனை பேரையும் கூப்பிட்டுவிட்டார். விடிவதற்குள் ஊரிலிருந்த குடம், அண்டா, குத்துப்போணி எல்லாம் நிறைந்துவிட்டன. தொட்டி காலி. காலையில் பெரியவர் வந்து, மாலை வாங்கி, குழாயைத் திருகினார். காற்று வந்தது. அதுவும் சத்தத்தோடு வந்தது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பெரியவர் என்னைப் பார்த்தார். நான் குழாயைப் பார்த்தேன், குழாய்தான் ஏதோ பதில் சொல்ல வேண்டும் என்பதுபோல.

அப்போது அக்கா ஒரு சொம்பு நிறையத் தண்ணீரோடு முன்னால் வந்தார். “குடிங்கய்யா. ஒங்க தண்ணிதான். நேத்தே பிடிச்சுட்டோம்,” என்று நீட்டினார். தண்ணீர் நல்ல ருசி என்று தாராளமாகச் சான்றிதழும் கொடுத்தார்.

அலுவலகத்தில் எனக்குக் கிடைத்த திட்டை இங்கே எழுத முடியாது. அன்றிலிருந்து அந்த ஊரின் பெயர் போட்ட கோப்பு வந்தால் அடியில் தள்ளி வைப்பேன். அதே ஊருக்குத்தான் அடுத்ததாக ஒரு துணை சுகாதார நிலையம் வந்தது. ஊர் மக்கள் ஒரு பங்கு போட்டால் அரசாங்கம் மீதியைப் போடும் என்று ஓர் ஏற்பாட்டின்கீழ் வந்த கட்டடம் அது. பணமாகக் கொடுக்க முடியாதவர்கள் உழைப்பாகக் கொடுக்கலாம். அக்கா மண் சுமந்தார். சித்திரையிலேயே வேலை முடிந்தது. பிரசவ அறை, அதில் ஓர் இரும்புக் கட்டில், தண்ணீர் காய்ச்ச ஓர் அடுப்பு, வெளியே ஒரு தாழ்வாரம். பூட்டினேன். சாவி என் கொத்தில் சேர்ந்தது. அந்த ஊருக்கென்று நியமித்திருந்த நர்ஸம்மா ஒரு வாடகை அறையில் இருந்துகொண்டு, பூட்டிய கட்டடத்தைத் தாண்டித் தாண்டி வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார்.

ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா ஒரு மஞ்சள் பை நிறையக் கொய்யாப் பழத்தோடு ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். விலாசம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். “பஸ் ஸ்டாண்டுல எறங்கி, ரிப்பன் கட்டுறவரு வீடு எங்கன்னு கேட்டேன். சொன்னாக,” என்றார். என் புகழ் இவ்வளவு தூரம் பரவியிருந்தது எனக்குத் தெரியாது. என் மனைவி உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

உட்கார்ந்ததும் நேராக விஷயத்துக்கு வந்தார். “தம்பி பொண்டாட்டி முழுகாம இருக்கா. ஐப்பசியில பேறு. அந்தக் கட்டடத்த எப்பத் தொறப்பீக?”

“தேதி வாங்கிக்கிட்டு இருக்கோம்க்கா.”

“போன தடவையும் ஐப்பசிதான் தம்பி. ராஜபாளையத்துக்கு வண்டி கட்டிக் கொண்டு போறோம், ஓடையில தண்ணி கரை புரண்டு ஓடுது. வண்டிய நிப்பாட்டிட்டு அந்தால பாத்துக்கிட்டே நின்னோம். எம்புட்டு நேரம் நின்னோம்னு தெரியல. பிள்ள தங்கல. அவ பொழச்சதே பெரிசு. அதுக்குப் பொறவுதான் ஊரே சேந்து மனுக் குடுத்து இந்தக் கட்டடம் வந்துச்சு.” பையிலிருந்த கொய்யாப் பழங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தார். “கட்டி முடிச்சுப் பூட்டி வச்சிருக்கீக.”

 மாட்டிக்கொண்டால் நான் அலுவலகத் தமிழில் பேசுவேன். உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது என்றேன். என் மனைவி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் காப்பி போடப் போனாள்.

எங்கள் வீட்டில் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. அதில் தங்க விளிம்பு போட்ட பீங்கான் கோப்பைகள். கல்யாணத்தின்போது சிங்கப்பூரிலிருந்து என் மைத்துனர் கொண்டுவந்தவை. யாராவது பெரிய மனிதர்கள் வீட்டுக்கு வந்தால் எடுக்கலாம் என்று வைத்திருந்தேன். எங்கள் மேலதிகாரியை மூன்று பொங்கலுக்கு அழைத்துப் பார்த்தேன், அவர் வரவில்லை. கோப்பைகளோடு ஒரு சட்டைத்துணியும் வந்திருந்தது. பளபளவென்று வெளிர்நீலத் துணி. அதுவும் நல்ல நாளுக்கென்று பெட்டிக்குள் இருந்தது. எந்த நாளும் எனக்கு அந்த அளவுக்கு நல்ல நாளாகத் தோன்றவில்லை.

மனைவி எவர்சில்வர் தம்ளரில் காப்பி கொண்டுவந்தாள். அக்கா அலமாரியைப் பார்த்தார். “அதுல குடிக்க மாட்டீகளா?”

“அது... வீட்டுக்கு யாராவது வந்தா எடுக்கிறதுக்கு, அக்கா.”

“நான் வந்திருக்கேன்லா?” என்றார்.

மனைவி அடுத்த நிமிஷம் அலமாரியைத் திறந்துவிட்டாள். இதற்காகவே வருஷக்கணக்காகக் காத்திருந்தவள் போல. மூன்று கோப்பைகளில் காப்பியை ஊற்றினாள். பேச்சோடு பேச்சாகச் சட்டைத்துணி விவகாரத்தையும் போட்டு உடைத்தாள். அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்து, “வச்சிருந்து என்ன செய்யப் போறீக?” என்றார். நான் தங்க விளிம்பில் வாய் வைத்துக் குடித்தேன். காப்பி அதே காப்பிதான். ஆனால் நன்றாக இருந்தது. அந்த ஒப்புதலை அன்று யாரிடமும் தெரிவித்துக்கொள்ளவில்லை.

ஒரு வழியாக ஐப்பசியில் தேதி கிடைத்தது. அன்று விடியற்காலை மழை பிடித்துக்கொண்டது. பந்தல் நனைந்து தொங்கியது. மைக் செட்காரர் குழாய் ஒலிபெருக்கியைச் சாக்கால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நண்பகலுக்குச் சற்று முன்பு ஒரு ஜீப் வந்து, மழை காரணமாக விழா தள்ளிவைப்பு என்று சொல்லிவிட்டுப் போனது. கூட்டம் கலைந்தது. நாற்காலிகள் போயின, மைக்கும் போனது. நான் போக முடியவில்லை. ஓடையில் தண்ணீர் ஏறியதால் பஸ் வரவில்லை. சுகாதார நிலையத்துத் தாழ்வாரத்தில், வாசலுக்குக் குறுக்கே கட்டிய ரிப்பன் நனையாமல் பார்த்தபடி, லட்டுத் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். கோலம் போட வந்த நர்ஸம்மா, மழையில் கரைகிற கோலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் மழைக்குள்ளிருந்து அக்காவின் குரல் கேட்டது. “ஏட்டி, மெல்ல வா. என்னையப் பிடிச்சுக்கோ.” ஒரு பக்கம் அக்கா, மறுபக்கம் அவருடைய தம்பி, நடுவில் அந்தப் பெண். தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு வந்தார்கள். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கே விஷயம் புரிந்துவிட்டது. தாழ்வாரத்தில் ஏறியதும் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். நர்ஸம்மா அவள் வயிற்றில் கை வைத்துப் பார்த்தார். “ஓடை வரைக்குமெல்லாம் போக முடியாது. கதவைத் திறங்க சார்,” என்றார்.

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் கதவைத் திறந்திருப்பான். நான் எழுந்து நின்று, “மேலிடத்துல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடுறேன்,” என்றேன். போன் இருந்தது ஓடைக்கு அந்தப் பக்கம், சேத்தூரில்.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். “சரி, நீ போயிட்டு வா. சாவியக் குடுத்துட்டுப் போ.”

அவர் என்னை ‘நீ’ என்று சொன்னது அந்த ஒரு தடவைதான். சாவிக்கொத்தைக் கொடுத்தேன். எது எந்தச் சாவி என்று தேடுவதற்கு அவருக்கு நேரமில்லை. நானே வாங்கித் திறந்தேன். கதவு திறந்தது. குறுக்கே ரிப்பன். அக்கா அதை இழுத்து அறுக்கக் கையை ஓங்கினார்.

“அக்கா, அதை மட்டும் விட்டுடுங்க,” என்று கெஞ்சினேன். சொன்னவன் நான்தான், மறுக்கவில்லை. வலியில் துடித்துக்கொண்டிருந்த அந்தப் பெண்கூட ஒரு கணம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் ரிப்பனை இரண்டு கையாலும் எட்டும் மட்டும் தூக்கிப் பிடித்தேன். அக்கா, அந்தப் பெண், நர்ஸம்மா மூவரும் அதற்குக் கீழே நுழைந்து போனார்கள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

நானும் அவருடைய தம்பியும் தாழ்வாரத்தில் நின்றோம்.  உள்ளேயிருந்து ஒவ்வொரு தடவை சத்தம் வரும்போதும் அவர் ஓடை இருக்கிற திசையைப் பார்த்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சித்திரையிலிருந்து நான் குலுக்கிக்கொண்டு திரிந்த சாவியை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

பிற்பகலில் மழை விட்டது. சற்றைக்கெல்லாம் கார் சத்தம். தென்காசிப் பக்கம் போயிருந்த பெரியவர் திரும்புகிற வழியில், வந்தது வந்தோம் இதையும் முடித்துவிட்டுப் போவோம் என்று வண்டியைத் திருப்பச் சொல்லியிருக்கிறார். ஓடைக்கு இந்தப்புறமாகவே வந்ததால் தண்ணீரும் அவரைத் தடுக்கவில்லை. கூட நாலைந்து பேர், ஒரு போட்டோக்காரர். நான் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் அவர் தாழ்வாரத்தில் ஏறிவிட்டார். பழக்க தோஷம், என் கை தானாகத் தாம்பாளத்தை நீட்டியது. கத்தரிக்கோலை எடுத்தார். ரிப்பன் சேதமில்லாமல், கசங்காமல், புத்தம் புதிதாக இருந்தது. வெட்டினார். நான்கு பேர் கைதட்டினார்கள். கதவைத் தள்ளினார். திறக்கவில்லை.

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. “யாரது? செத்த பொறுங்க. தலை தெரியுது.”

கைதட்டல் நின்றது. பெரியவர் என்னைப் பார்த்தார். நான் லட்டைப் பார்த்தேன். பெரியவரின் உதவியாளர் ஒருவர் பற்களைக் கடித்துக்கொண்டு என்னிடம் ஏதோ கேட்டார். அவரிடம் லட்டுத் தட்டை நீட்டினேன். எவருக்கும் ஒரு நாளும் காத்திராத அந்த அக்கா, எல்லோரையும் காக்க வைத்துப் பழகிய பெரியவரை வாசலில் நிறுத்திவிட்டார். அவரும் நின்றார். அதைச் சொல்லியாக வேண்டும். கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

பிறகு குழந்தை அழுதது. நல்ல பலமான குரல். அந்தத் தம்பி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கும் கண் கலங்கியது.

தாயைச் சரியாகக் கிடத்திய பிறகே கதவு திறந்தது. அக்கா பழைய சேலைத் துணியில் சுற்றிய குழந்தையோடு வந்து நின்றார். போட்டோக்காரர் சுறுசுறுப்பானார். உதவியாளருக்கும் உயிர் வந்தது. “ஐயா கையால ஒரு பேர் வைக்கணும்,” என்று எடுத்துக்கொடுத்தார். பெரியவர் குழந்தையை வாங்கிக்கொண்டு, தொண்டையைச் செருமி, மேலே பார்த்து யோசித்தார்.

“பேரு வச்சாச்சுய்யா,” என்றார் அக்கா. “இந்தக் கட்டடத்துக்கு வானம் தோண்டுதப்பவே வச்சாச்சு. பொட்டப்பிள்ளைன்னா பேச்சியம்மா.”

பெரியவர் சிரித்துவிட்டார். “அப்ப எனக்கு இங்க வேலையே இல்லை,” என்று குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு லட்டை எடுத்துக்கொண்டு காரில் ஏறினார். உதவியாளர் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் எனக்கு ஒரு மெமோ வந்தது. திறப்பு விழாவுக்கு முன்பே கட்டடத்தை உபயோகத்துக்கு விட்டது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். ரிப்பனுக்கு எவ்விதச் சேதமும் ஏற்படவில்லை என்று பதில் எழுதினேன். உண்மையிலேயே அது நல்ல பதில் என்று நினைத்தேன். தை மாதம் மாற்றல் உத்தரவு வந்தது. ராமநாதபுரத்தில் ஒரு கிடங்கில் சரக்குப் பார்க்கிற வேலை.

நர்ஸம்மா மட்டும் பிறகு ஒருநாள் அலுவலகத்துக்கு வந்து சொன்னார்: ரத்தப்போக்கு நிற்காமல் அன்று பெரும்பாடாகிவிட்டதாம், ஓடைக்கரையில் வண்டியில் இருந்திருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும். மெமோவைவிட அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

நான் கிளம்பிய அன்று, அலுவலகத்தில் கடைசிக் கையெழுத்தைப் போட்டுவிட்டு, பெட்டியோடு ராஜபாளையம் பஸ் நிலையத்தில் நின்றேன். அங்கே புதிதாக ஒரு பயணிகள் கூடம் கட்டி முடித்து, தேதிக்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். முகப்பில் கயிறு கட்டியிருந்தது. நல்ல வெயில். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். சிமெண்டுத் திட்டில் அக்கா காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தம்பி மனைவி. மடியில் குழந்தை. பிள்ளைக்கு ஊசி போட வந்தார்களாம்.

“உள்ள வாங்க தம்பி. எதுக்கு வெயில்ல நிக்கீக?”

“இன்னும் திறக்கலைக்கா,” என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“அதான் ஒங்களத் தூக்கிட்டாகல்லா. இனி யாரு கேக்கப் போறா?”

யோசித்துப் பார்த்தேன், நியாயமாகத்தான் பட்டது. கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனேன். நிழல் குளுகுளுவென்று இருந்தது. அக்கா குழந்தையை என் மடியில் வைத்துவிட்டு வெற்றிலைப் பையை அவிழ்த்தார். அன்று நான் போட்டிருந்தது அந்த வெளிர்நீலச் சட்டை. மாற்றல் ஆகிப் போகிறவனுக்கு இனி என்ன நல்ல நாள் என்று, என் மனைவி என்னைக் கேட்காமலே தைத்துக் கொடுத்துவிட்டாள். வருஷக்கணக்கில் பெட்டிக்குள் இருந்ததால் பாச்சை உருண்டை வாசம் இன்னும் போகவில்லை. பேச்சியம்மா என் முகத்தை ஆராய்ந்து பார்த்தாள். பிறகு என் மடியில் கதகதவென்று பரவியது. சட்டையின் கீழ்ப்பாதி முழுக்க நனைந்துவிட்டது.

தாய்க்காரி பதறி எழுந்தாள். அக்கா எழவில்லை. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியபடி சட்டையை ஒரு தரம் பார்த்தார்.

“இருக்கட்டும்ட்டி. அந்தச் சட்டையும் தொறந்தாச்சு,” என்றார்.

ராமநாதபுரம் பஸ் வந்து நின்றது. அடுத்ததில் போய்க்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருந்தேன்.